நீலக் கண் பூனைக்குக் காது கேட்குமா?

கேள்வி:

டாக்டர் அம்மா, நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இறாலுக்கும் நண்டுக்கும் ஏரிக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை வளர்கிறது. உடம்பில் மருந்துக்குக்கூட வேறு நிறம் கிடையாது. வலது கண் மஞ்சள், இடது கண் நல்ல நீலம். நீலக் கண்ணில் அதற்குப் பார்வை இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது, அவ்வளவு திமிர். ராத்திரி அது கத்தினால் தெருவே எழுந்துகொள்ளும். விடியற்காலை டார்ச் அடித்தால் ஒரு கண் பச்சையாகவும் ஒரு கண் ரத்தச் சிவப்பாகவும் மின்னுகிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் நாலு குட்டி போட்டது. இரண்டு முழு வெள்ளை. ஒன்று வெள்ளை, ஆனால் உச்சந்தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. இன்னொன்று செவலை. நாலுக்குமே கண் நீலமாக இருக்கிறது. எல்லாம் தாயைக் கொண்டுவிட்டதா? இது அந்தக் காலத்து டச்சுக்காரர் கப்பலில் வந்த பூனைகளின் வம்சம் என்கிறார் என் மாமனார். அது உண்மையா?

சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் நீலக் கண் ஹஸ்கி நாய்க்குட்டி ஒன்று வாங்கி வரப்போவதாகச் சொல்கிறான். வாங்கலாமா?

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வாசலில் கிடக்கும் நாட்டு நாய்க்கு 9 வயது. நாலு நாளாக அதன் ஒரு கண்ணில் நீலம் பூத்தாற்போல் இருக்கிறது, தண்ணீர் வடிகிறது, பாதி மூடியே வைத்திருக்கிறது. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

— ஒரு வாசகி, பழவேற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நாயின் கண்தான் எனக்கு முதல் விஷயம். இதழ் அச்சாகி வரும்வரை அது தாங்காது என்பதால் உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கண்ணில் நீலம் தெரிந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது பிறந்தது முதல் இருக்கிறதா, இடையில் வந்ததா? பிறவி நீலம் நோய் இல்லை. இடையில் வந்த நீலம் பெரும்பாலும் நோய்தான், அதுவும் அவசர நோய். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே சமயத்தில் இருக்கின்றன. பூனையின் நீலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு நாயின் நீலத்தை ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது நாயைப் பற்றித்தான்.

கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கிறது. விழிவெண்படலம் என்பார்கள், கார்னியா என்று மருத்துவமனையில் கேட்டிருப்பீர்கள். அதன் உட்புறத்தில் ஒரே அடுக்காக இருக்கும் செல்கள் ராப்பகலாக நீரை வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் அது தெளிவாக இருக்கிறது. அந்தச் செல்கள் பழுதானாலோ, மேல்தோல் கிழிந்தாலோ உள்ளே நீர் ஊறும். நீர் ஊறிய படலம் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், நமக்கு நீலம் பூத்ததாகத் தெரியும். உங்கள் நாய்க்கு ஒரே கண்ணில், நாலே நாளில், தண்ணீர் வடிந்து, கண்ணை மூடிக்கொள்ளும் அளவு வலியோடு வந்திருக்கிறது. இது வயதால் வருவது இல்லை.

வயதால் வரும் நீலம் வேறு மாதிரி. 6, 7 வயதுக்குமேல் நாய்களுக்குக் கண்மணிக்குள்ளே, அதாவது லென்ஸில், சாம்பல் கலந்த நீல மங்கல் மெல்ல ஏறும். இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் இருக்கும். வலி இருக்காது, தண்ணீர் வடியாது, நாய் வழக்கம்போல் நடமாடும். அதற்கு மருந்து வேண்டாம். கண்புரை என்பது இன்னொன்று. அது வெண்மையாகத் தெரியும், பார்வையைக் கெடுக்கும்.

உங்கள் நாயின் கண்ணுக்கு என்ன காரணமாக இருக்கலாம்? கரையில் இருக்கிற நாய். காற்றில் பறக்கும் மணல், தூண்டில் முள், வலை நைலான், பூனையின் நகம் எது பட்டும் விழிப்படலத்தில் புண் வரும். உண்ணிக் காய்ச்சலில் கண்ணின் உட்பகுதி அழன்று போவதும் உண்டு. எர்லிக்கியா என்ற அந்தக் கிருமி நம் ஊர் நாய்களில் மிகவும் சகஜம். கடிக்கும் ஈக்கள் பரப்பும் டிரிப்பனோசோமா நோயிலும் கண் நீலம் பூக்கும். ஆனால் அதில் காய்ச்சலும் முகவீக்கமும் கூடவே இருக்கும், பெரும்பாலும் இரண்டு கண்ணும் பாதிக்கும். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வரும் கல்லீரல் வைரஸ் நோயிலும், குட்டி தேறி வரும் நேரத்தில் கண் நீலமாவது உண்டு. இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கண் நீர் அழுத்தம். குளுக்கோமா என்று சொல்வார்கள். விழிக்குள் அழுத்தம் ஏறி, கண் கல்லாக இறுகி, ஓரிரு நாளில், சில சமயம் மணிக்கணக்கில்கூடப் பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

இதில் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. புண் இருக்கிறதா என்று சாயச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், அழுத்தத்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால் வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. கிராமத்திலிருந்து அவசரத்துக்குக் கேட்க 1962 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

அதுவரை செய்யக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் கண் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். மனிதருக்கு விற்கும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். புண் இருக்கிற கண்ணில் அது பட்டால் விழிப்படலமே கரைந்து ஓட்டை விழலாம். நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, வடிந்த பீளையை மட்டும் துடையுங்கள். காலால் சொறிந்துகொள்ளாமல் இருக்க ஒரு சிறிய பெயின்ட் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டிவிடலாம். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் கண்ணைக் காப்பாற்றும்.

இனி பூனைக்கு வருவோம்.

நீலக் கண்ணில் பார்வை இல்லை என்பது தவறு. அந்தக் கண் நன்றாகவே பார்க்கும். நீலம் என்று ஒரு சாயம் பூனையின் கண்ணிலோ நாயின் கண்ணிலோ மனிதக் கண்ணிலோ கிடையவே கிடையாது. கருவிழியில் மெலனின் என்ற பழுப்பு நிறமி நிறைய இருந்தால் கண் பழுப்பாகவும், குறைவாக இருந்தால் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும். மேலடுக்கில் அறவே இல்லாவிட்டால், உள்ளே நுழையும் வெளிச்சத்தில் நீலக் கதிர்கள் மட்டும் அதிகமாகச் சிதறித் திரும்பி வரும். நண்பகல் வானம் நீலமாகத் தெரிவதும் இதே மாதிரி ஒளிச்சிதறலால்தான். ஆகவே நீலக் கண் என்றால் அங்கே நிறமி போய்ச் சேரவில்லை என்று பொருள், அவ்வளவுதான்.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு கண் சிவப்பாக மின்னுவதும் இதனால்தான். சிவப்பாகத் தெரிவது நீலக் கண்ணாகத்தான் இருக்கும், கவனித்துப் பாருங்கள். இரவில் நடமாடும் விலங்குகளுக்கு விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான ஓர் அடுக்கு உண்டு. உள்ளே வந்த ஒளியை அது மறுபடி திருப்பி அனுப்புவதால் இருட்டில் கண் கூர்மையாகத் தெரியும். நமக்கு அது பச்சையாக மின்னும். நிறமி சேராத நீலக் கண்ணில் பல சமயம் இந்த அடுக்கும் சரியாக உருவாகாது. அப்போது கண்ணின் அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களின் சிவப்பே தெரிகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், பயம் போய்விடும். நல்ல வெயிலில் அந்தக் கண் கொஞ்சம் கூசும். வேறு குறை இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கூப்பிட்டால் திரும்பாது, திமிர் என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி தெருவே எழும்படி கத்தும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, உங்கள் பூனைக்குத் திமிர் இல்லை. அதற்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். தன் குரலே தனக்குக் கேட்காத பூனைகள்தாம் அளவு தெரியாமல் அப்படிக் கத்தும்.

கண்ணுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறமி தயாரிக்கும் செல்கள் கரு வளரும்போது முதுகுத்தண்டு உருவாகும் பகுதியில் தோன்றி, அங்கிருந்து உடம்பெல்லாம் நகர்ந்து போகின்றன. தோலுக்குப் போனவை மயிருக்கு நிறம் தருகின்றன, கண்ணுக்குப் போனவை கருவிழிக்கு நிறம் தருகின்றன. சில செல்கள் உட்காதுக்கும் போகின்றன. அங்கே அவற்றுக்கு நிறம் கொடுக்கும் வேலை இல்லை. காதுச் சுருளுக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் உப்பு சரியான அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் திசுவில் அவை உட்கார்ந்திருக்கின்றன. அவை வந்து சேராவிட்டால் அந்தத் திசு வாடிவிடும், அதை நம்பியிருக்கும் ஒலியுணர் செல்கள் மடிந்துவிடும். குட்டி பிறந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே இது நடந்து முடிந்துவிடுகிறது. ஒருமுறை மடிந்த செல்கள் மறுபடி முளைப்பதில்லை. அதனால் இதற்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ இல்லை.

முழு வெள்ளைப் பூனைகளில் இந்தச் செல்களின் பயணத்தைத் தடுப்பது கிட் என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றம். எப்போதோ பூனை இனத்தின் உடலுக்குள் புகுந்து மரபிலேயே தங்கிவிட்ட ஒரு பழைய வைரஸின் துண்டு அந்த மரபணுவுக்கு நடுவில் செருகிக்கொண்டிருக்கிறது. 2014-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் பூனைகளில் நீலக் கண்ணும் செவிடும் சேர்ந்து வருவதை 1859-லேயே டார்வின் தம் நூலில் குறித்திருக்கிறார். அவர் முதலில் எழுதிய அளவுக்கு அது தவறாமல் நடப்பதில்லை. இதுவரை நடந்த ஆய்வுகளின் கணக்குப்படி, கண் நீலமில்லாத வெள்ளைப் பூனைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கும், ஒரு கண் நீலமானவற்றில் 40 விழுக்காட்டுக்கும், இரு கண்ணும் நீலமானவற்றில் 65 முதல் 85 விழுக்காட்டுக்கும் ஒரு காதோ இரு காதோ கேட்பதில்லை. ஒரு கண் மட்டும் நீலமாக இருந்து ஒரு காது மட்டும் செவிடானால், அது பெரும்பாலும் நீலக் கண் இருக்கும் பக்கத்துக் காதுதான். எவ்வளவு கூப்பிட்டாலும் உங்கள் பூனை திரும்புவதில்லை என்பதால் இரண்டு காதுமே போயிருக்கலாம்.

சோதித்துப் பாருங்கள். அது நன்றாகத் தூங்கும்போது பின்னால் போய் நில்லுங்கள். சிமென்ட் தரை, பலகைக் கட்டில் வேண்டாம், அதிர்வு தெரிந்துவிடும். மணல் திட்டில் தூங்கும் நேரம் நல்லது. கையைத் தட்டக் கூடாது, காற்று முகத்தில் பட்டால் விழித்துக்கொள்ளும். சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், அல்லது எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். அதன் காது மடல் சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்கும் பூனை எழுந்திருக்க மனமில்லாவிட்டாலும் காது மடலைத் திருப்பாமல் இருக்காது. வேறு வேறு நேரத்தில் சில தடவை செய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

செவிடு என்று தெரிந்தால் அதற்காக வருத்தப்பட வேண்டாம். பார்வையும் மோப்பமும் மீசையும் கொண்டு அது நன்றாகவே வாழும். உங்கள் வீட்டில் நாலு குட்டி ஈன்று வளர்க்கும் அளவுக்கு வாழ்ந்துகொண்டுதானே இருக்கிறது. நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பின்னாலிருந்து திடீரென்று தொடாதீர்கள், பயந்து கீறும். எழுப்ப வேண்டுமானால் பக்கத்தில் தரையைத் தட்டுங்கள், அதிர்வை உணர்ந்து எழும். கூப்பிட டார்ச்சை இரண்டு தடவை அணைத்து எரியவிடுங்கள். உணவு வைக்கும்போதெல்லாம் இப்படிச் செய்தால் சில வாரத்தில் பழகிக்கொள்ளும். குட்டிகள் பாலுக்குக் கத்துவதும் அதற்குக் கேட்காது. குட்டிகளைத் தாய் கண்ணில் படும்படி ஒரே இடத்தில் வைத்திருங்கள். வலைக் குவியலுக்குள் ஒரு குட்டி சிக்கிக்கொண்டு கத்தினால் அதைத் தேடி எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

வெளியே அதற்கு ஆபத்து பைக்கும் மீன் ஏற்ற வரும் வண்டியும். ஏலம் நடக்கும் நேரத்தில் கரையில் பின்னுக்கு வரும் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு மற்றப் பூனைகள் ஒதுங்கிவிடும். இதனால் முடியாது. அந்த நேரத்தில் மட்டுமாவது வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

கடலோரத்து வெள்ளைப் பூனைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. காதைவிட இது உயிருக்கே ஆபத்து, யாரும் சொல்லித் தருவதில்லை. வெள்ளைப் பூனையின் காது நுனியிலும் மூக்கிலும் இமையிலும் மயிர் குறைவு, நிறமியும் இல்லை. வருடக்கணக்கில் வெயில் பட்டுப்பட்டு அந்த இடங்களில் தோல் புற்று வரும். மேலிருந்து விழும் வெயில் போதாதென்று மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கிற ஊர் உங்களுடையது. முதலில் காது நுனி சிவந்து, பொருக்குத் தட்டும். சண்டையில் வந்த காயம் என்று நினைப்பீர்கள். ஆறாது. பொருக்கு உதிர்ந்து மறுபடி வரும், நுனி மெல்ல அரித்துக் குறையும். ஆறாத புண் காது நுனியில் இருந்தால் உடனே காட்டுங்கள். தொடக்கத்திலேயே காது மடலை வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், விட்டுவிட்டால் பரவும். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை அது நிழலில் தூங்கும்படி ஓர் இடம் செய்து கொடுங்கள். கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் சுருண்டு கிடப்பதுதான் அதற்குப் பிடிக்கும், தெரியும். அங்கிருந்துதான் அதைக் கிளப்ப வேண்டும்.

குட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். எந்த நிறத்துப் பூனைக்குட்டியும் பிறந்து கண் திறக்கும்போது நீலக் கண்ணோடுதான் திறக்கும். நிறமி பிறகுதான் சேரும். 6, 7 வாரத்தில் நிறம் மாறத் தொடங்கி 3, 4 மாதத்தில் நிலைக்கும். ஆகையால் மூன்று வாரக் குட்டியின் நீலத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செவலைக் குட்டியின் கண் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிடும், அதன் காதைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த ஒரு செவலை எனக்கு இன்னொன்றையும் சொல்கிறது. உங்கள் பூனைக்கு வெள்ளை மரபணு ஒரு பங்குதான் இருக்கிறது. இரண்டு பங்கு இருந்தால் எல்லாக் குட்டியும் வெள்ளையாகவே பிறந்திருக்கும். தலையில் சாம்பல் திட்டு உள்ள குட்டியும் வெள்ளைதான். அந்தத் திட்டு வளர வளர மறைந்துவிடும். வெள்ளைக்கு அடியில் அதன் சொந்த நிறம் சாம்பல் என்பதற்கு அது அடையாளம்.

மூன்று வெள்ளைக் குட்டிகளையும் ஆறு வாரம் ஆனதும் மேலே சொன்னபடி சோதியுங்கள். ஒரு காது மட்டும் போனதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. மூளைக்கு ஒலி போகிறதா என்று மின்முனை வைத்துப் பார்க்கும் சோதனையில்தான் அது தெரியும். வீட்டுப் பூனைக்கு அது அவசியமும் இல்லை. ஆனால் முழுச் செவிடு என்று தெரிந்த குட்டியை யாருக்காவது கொடுத்தால் சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் உங்கள் பூனைக்குக் கிடைத்த அதே பழி அதற்கும் கிடைக்கும். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள்.

மாமனார் சொல்வது அழகான கதை. டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். எலித் தொல்லைக்காகக் கப்பல்களில் பூனை வைத்திருந்தது அந்தக் காலத்து வழக்கம். அவற்றில் சில கரையில் தங்கியிருக்கக்கூடும். ஆனால் கண் நிறத்தை வைத்து அப்படி வம்சம் சொல்ல முடியாது. இந்த வெள்ளை மரபணு உலகமெங்கும் தெருப்பூனைகளில் பரவிக் கிடக்கிறது. துருக்கியில் வான் ஏரிப் பக்கத்து வெள்ளைப் பூனைகள் ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள் என்று இருப்பதற்கே பேர்போனவை. டச்சுக்காரர் வராத ஊர்களிலும் உங்கள் பூனையைப்போல் பூனைகள் உண்டு. அரிய பூனைதான், அதற்கு வெளிநாட்டுப் பூர்வீகம் தேவையில்லை.

நீலக் கண் என்றாலே செவிடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சயாமீஸ் பூனைக்கு இரண்டு கண்ணும் நீலம்தான், காது நன்றாகக் கேட்கும். அதன் கதை வேறு. நிறமி உண்டாக்கும் நொதி அதன் உடம்பில் சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த பாகங்களில் மட்டும் வேலை செய்யும். அதனால் முகமும் காதும் காலும் வாலும் கறுத்து, நடு உடம்பு வெளுத்திருக்கிறது. தாய் வயிற்றுச் சூட்டில் இருந்து வருவதால் குட்டிகள் பிறக்கும்போது முழுக்க வெளுப்பு. அவற்றில் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தடம் மாறிப் போவதால் சிலவற்றுக்கு மாறுகண் இருக்கும்.

உங்கள் மகனின் ஹஸ்கி விஷயத்துக்கும் இதே பதில்தான். ஹஸ்கியின் நீலக் கண்ணில் குறையே இல்லை. 6,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றின் 18-ஆம் குரோமோசோமில் ஏ.எல்.எக்ஸ்.4 என்ற மரபணுவுக்கு அருகே ஒரு பகுதி இரட்டித்திருப்பதுதான் காரணம் என்று காட்டியது. அதற்கும் செவிக்கும் தொடர்பு இல்லை. குறை கண்ணில் இல்லை, ஊரில்தான். சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. இரண்டு அடுக்கு மயிர். உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதற்காகவே அமைந்த உடம்பு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். காற்றில் ஈரம் நிறைந்த ஏரிக்கரையில் அதுவும் சரியாக நடக்காது. சித்திரை வைகாசியில் ஏசி அறையில் அடைத்து வைத்துத்தான் அதை வளர்க்க முடியும். ஓடுவதற்கென்றே பிறந்த நாய்க்கு அது தண்டனை. தமிழ்நாடு அரசு 2024-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத இனங்களின் வரிசையில் சைபீரியன் ஹஸ்கியையும் சேர்த்திருந்தது. வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஹஸ்கி இல்லாவிட்டால் வேறு நீலக் கண் நாய் வாங்கலாமே என்று மகன் யோசிக்கக்கூடும். அங்கேதான் ஏமாறுவார்கள். நீலக் கண் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கும் குட்டிகளில், சாம்பல் நிறத்தில் கறுப்புத் திட்டுத் திட்டாக உள்ளவை சில உண்டு. மெர்ல் என்று அந்த நிறத்துக்குப் பெயர். ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, கோலி போன்ற இனங்களில் வருவது. பெற்றோரில் ஒன்றுக்கு மட்டும் அந்த நிறம் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. நீலக் கண் குட்டி நிறைய வேண்டும் என்ற ஆசையில் அந்த நிறமுள்ள இரண்டையும் இணைசேர்த்தால், சராசரியாகக் குட்டிகளில் கால்வாசி இரண்டு பங்கு மரபணுவோடு பிறக்கும். பெரும்பாலும் வெளுத்திருக்கும். அவற்றில் பலவற்றுக்குக் காது கேட்காது, சிலவற்றுக்குக் கண் முழுசாக வளராமல் சுருங்கிக் கிடக்கும். இப்படி ஒரு குட்டியைப் பார்த்தவர்கள் கண் நிறத்துக்காக நாய் வளர்ப்பதை ஆதரிக்க மாட்டார்கள். அழகுக்காகத் தெரிந்தே ஓர் உயிரைக் குறையோடு பிறக்க வைப்பது கொடுமை, அதைக் காசு கொடுத்து வாங்கி ஊக்கப்படுத்தக் கூடாது.

நம் ஊர் நாயே வேண்டும் என்றால் ராஜபாளையம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்து நாய், பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005 சனவரியில் அஞ்சல்துறை வெளியிட்ட நாலு இந்திய நாய் அஞ்சல்தலைகளில் இதன் தலையும் ஒன்று. சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்க நிலையத்தில் இந்த இனத்தைக் காக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் பூனையைப் பற்றி இவ்வளவு படித்தபின் உங்களுக்கே தோன்றியிருக்கும்: முழு வெள்ளை. ஆம், இந்த இனத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. வெள்ளையிலும் வெள்ளை வேண்டும் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து வந்ததும் இதற்கு ஒரு காரணம். அதனால் ராஜபாளையம் வாங்கப் போகிறவர் குட்டியின் நீலக் கண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. தாய் தகப்பன் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை வாங்காதீர்கள். குட்டிகள் எல்லாம் தூங்கும் நேரத்தில் போய், உடன்பிறந்தவற்றின் அசைவைப் பார்த்து விழித்துக்கொள்ளாதபடி உங்கள் குட்டியைத் தனியே பிரித்து வைத்து, சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுங்கள். பழுப்பும் கறுப்புமாக இருக்கும் சிப்பிப்பாறை, கன்னி இனங்களில் இந்தக் கவலை குறைவு. உங்கள் வாசலில் கிடக்கிறதே, அந்த நாட்டு நாயின் இனத்தில் ஒரு குட்டியை எடுத்து வளர்த்தால் பணமும் மிச்சம், ஏரிக்கரை வெயிலையும் அது தாங்கும். உங்கள் மகன் அடுத்த முறை வரும்போது நாய் வாங்க வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, அந்தக் கிழநாயை வேப்பேரிக்குக் கூட்டிப்போய் மறு சோதனை செய்யச் சொல்லுங்கள். கண் அழுத்தம்தான் என்று தெரிந்தால் அதன் மற்ற கண்ணுக்கும் பிறகு வர வாய்ப்பு உண்டு, அதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.